ஆதாரும் இல்லை, கூட ஆளும் இல்லை: மருத்துவமனை திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். எதிரே மூடிக்கிடக்கும் ஒரு கடையின் திண்ணையில் பெரியவர் ஒருவர் இரண்டு வருடமாகப் படுத்துக் கிடக்கிறார். ஏற்காடு மலைக்காரர். காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்து, அப்புறம் லீ பஜாரில் மூட்டை தூக்கியவர். வயது எழுபதுக்குப் பக்கம் இருக்கும். சர்க்கரை நோயால் காலில் புண் வந்து இப்போது புழு வைத்துவிட்டது. ஆட்டோவில் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். முதல் தடவை கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த தடவை ஆதார், காப்பீட்டு அட்டை கேட்டார்கள். "கூட இருக்க ஆள் யாரு, நீங்க என்ன உறவு?" என்றார்கள். ஆள் இல்லாமல் அட்மிஷன் போட முடியாதாம். மூன்றாவது தடவை, நாற்றம் அடிக்கிறது என்று காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். "மலையில இருந்து வர்றவங்களே இப்படித்தான்" என்று வேறு சொன்னார். ஒரு தனியார் மருத்துவமனையில் இருபதாயிரம் முன்பணம் கேட்டார்கள். சொந்தக்காரி இல்லாத நான் புகார் கொடுக்கலாமா? கையெழுத்துப் போட்டபின் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் தலையில் விழுமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள், சரியா?

பதில்: சட்டத்தை அப்புறம் பார்ப்போம் அம்மா. இதைப் படித்ததும் 108-க்குப் போன் போடுங்கள். சர்க்கரை நோயாளியின் புண்ணில் புழு வைத்துவிட்டால் காலோடு நிற்காது. 108 இலவசம். அவர்கள் நோயாளியை நேரே அவசர சிகிச்சைப் பிரிவில் இறக்கி ஒப்படைப்பார்கள், அதற்குப் பதிவும் இருக்கும். வாசலில் காவலாளியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பியதாக இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் மூன்றும் ஒன்றல்ல. முதல் தடவை மருத்துவர் பார்த்து, கட்டுப் போட்டு, மாத்திரை போதும் என்று முடிவு செய்தார். அந்த முடிவு தவறாகவே இருந்தாலும் அது மருத்துவ முடிவு. அதை எதிர்த்து வழக்காடுவது கடினம், நானும் அந்தப் பக்கம் உங்களை அனுப்ப மாட்டேன். இரண்டாவது, மூன்றாவது தடவை சொன்ன காரணங்களில் மருத்துவமே இல்லை. ஆதார், அட்டை, ஆள், நாற்றம். உங்கள் புகாரின் பலம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. என்ன காரணம் சொல்லித் திருப்பினார்கள் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேற்கு வங்கத்தில் 1992-ல் ஹக்கீம் ஷேக் என்பவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் உறுப்பினர். ஒவ்வோர் அரசு மருத்துவமனையாக அலைந்தும் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் தனியாரில் பணம் கட்டித்தான் பிழைத்தார். அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், தேவையான நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை தராமல் போனால் அது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. நிதி இல்லை என்று அரசு கை விரிக்க முடியாது என்றும் சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது. படுக்கை இல்லை என்ற காரணமே அங்கே எடுபடவில்லை. உங்களிடம் சொன்ன காரணங்கள் அதைவிடப் பலவீனமானவை.

ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவிலேயே, ஆதார் எண் இல்லாதவருக்கு வேறு அடையாள வழி கொடுத்துப் பலனைத் தர வேண்டும் என்று இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை என்பது காப்பீட்டுப் பணம் வருவதற்கான வழி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்பதெல்லாம் அந்தக் கணக்கு. அந்த அட்டை இல்லாதவருக்கு அரசு மருத்துவமனையில் வைத்தியம் கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

'கூட ஆள்' விஷயம்தான் வீடற்றவர்களை அதிகமாக அடிக்கிறது. எழுத்தில் எங்கும் இருக்காது, வாய் வார்த்தையாகவே ஓடும். தள்ளுவண்டி தள்ள, பரிசோதனைச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க, இரவில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதுதான் உள்ளே இருக்கும் காரணம். அது மருத்துவமனையின் ஆள் பற்றாக்குறை. அதைத் திண்ணையில் கிடக்கும் மனிதர் தலையில் கட்ட முடியாது. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வேண்டுமே என்பார்கள். பெரியவருக்கு நினைவும் புத்தியும் தெளிவாக இருந்தால் சம்மதம் தர வேண்டியவர் அவர்தான். கைநாட்டே போதும். நினைவில்லாமல், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால் யார் சம்மதமும் இல்லாமலே நல்லெண்ணத்தோடு சிகிச்சை செய்யலாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு அந்த மருத்துவரைக் காப்பாற்றும்.

வயதும் அவருக்குத் துணை. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இயன்றவரை படுக்கை தரவும், தனி வரிசை வைக்கவும் சொல்கிறது. யாராவது "மெண்டல் கேஸ், காப்பகத்தில் விடுங்க" என்று தட்டிக்கழித்தால் 2017 மனநலச் சட்டத்தைச் சொல்லுங்கள். வீடற்றவருக்கு அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை இலவசம், வறுமைக்கோட்டு அட்டை இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது.

தனியாருக்கு வருவோம். 1989-ல் பரமானந்த கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிரைக் காக்கும் கடமை அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் ஒன்றுதான் என்றது. அதனால் உயிராபத்து நேரத்தில் முன்பணத்தைக் காட்டி முதலுதவியை மறுக்க முடியாது. ஆனால் மாதக் கணக்கில் புண்ணுக்கு வைத்தியம் பார்க்கும்படி தனியாரைக் கட்டாயப்படுத்த வழி இல்லை. அந்தக் கோபத்தை விட்டுவிட்டு அரசு மருத்துவமனை மேலேயே கவனத்தை வையுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். நல்ல எண்ணத்தோடு ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தவரை, நோயாளி இறந்துவிட்டார் என்பதற்காகக் குற்றவாளி ஆக்கும் சட்டம் கிடையாது. அதிகபட்சமாக, அவரை எங்கே, எப்படிப் பார்த்தீர்கள் என்று போலீஸ் விசாரிக்கும். இருந்தாலும் கையெழுத்துப் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் "உறவினர் அல்ல, மனிதாபிமான அடிப்படையில் அழைத்து வந்தவர்" என்று எழுதிவிடுங்கள். தனியாரில் பில்லுக்குப் பொறுப்பேற்கும் தாளில் கையெழுத்து வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: "மருத்துவ ஆலோசனைக்கு மாறாக சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்" என்ற வரியின் கீழே நீங்களோ பெரியவரோ கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது. வார்டைக் காலி செய்ய இது ஒரு சுலபமான வழி. வைத்துவிட்டால் பிறகு நான் வந்து வாதாடினாலும் "அவர்களாகத்தான் போனார்கள்" என்று அந்தத் தாளைக் காட்டுவார்கள்.

நுகர்வோர் கோர்ட் யோசனை சொன்னவர் பாதிதான் தெரிந்து சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே போனால் மாதங்கள்தான் வீணாகும்.

நீங்கள் போக வேண்டிய வரிசை வேறு. மறுபடியும் அட்மிஷன் மறுத்தால், மறுக்கும் காரணத்தை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். சத்தம் போடாமல், ஆனால் நகராமல் கேளுங்கள். 'ஆள் இல்லாததால் சேர்க்கவில்லை' என்று எழுத எந்த மருத்துவருக்கும் கை வராது, பெரும்பாலும் அங்கேயே படுக்கை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள், ஆர்.எம்.ஓ. என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்தபடியே அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். மனுவை நீட்டி முழக்க வேண்டாம். இவ்வளவு போதும்:

"வீடற்ற முதியவரான இவருக்குக் காலில் புழு வைத்த புண் உள்ளது. இன்ன தேதியில் ஆதார் இல்லை, உடனிருக்க ஆள் இல்லை என்று கூறி அனுமதி மறுக்கப்பட்டது. இன்ன தேதியில் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். உடனே உள்நோயாளியாகச் சேர்த்து சிகிச்சை அளிக்கவும், மறுப்பதானால் மருத்துவக் காரணத்தை எழுத்தில் தரவும் வேண்டுகிறோம்."

கீழே பெரியவரின் கைநாட்டு, பக்கத்தில் உங்கள் கையெழுத்து. ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதே மனுவை நகல் எடுத்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்பலாம். அங்கே கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், பாதிக்கப்பட்டவருக்காக வேறு யாரும் எழுதலாம். 'நான் சொந்தக்காரி இல்லையே' என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும், அவ்வளவே. பழைய சிகிச்சைக் குறிப்புகளை அவர் பெயரில் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவர்களின் நடத்தை விதிகளில் இருக்கிறது.

காவலாளி சொன்ன "மலையில இருந்து வர்றவங்க" பேச்சுக்கு, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடலாமா என்றும் யோசித்தேன். பெரியவர் ஏற்காடு மலையில் வாழும் மலையாளி பழங்குடியினராக (கேரளக்காரர் அல்ல) இருந்து, அந்தக் காரணத்துக்காகவே மருத்துவமனைக்குள் விடாமல் தடுத்திருந்தால் அது குற்றம்தான். ஆனால் நீங்கள் எழுதியபடி பார்த்தால் நாற்றம் என்று சொல்லித்தான் நிறுத்தியிருக்கிறார், சாதிப் பெயரும் வரவில்லை. இதை வைத்து அந்தச் சட்டத்தை எடுத்தால் நிற்காது. மனுவில் அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள், அதற்குமேல் இழுக்க வேண்டாம்.

எதுவும் நடக்காவிட்டால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. பெண் என்பதால் உங்களுக்கும், பழங்குடியினராக இருந்தால் அவருக்கும், வருமானச் சான்று இல்லாமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அவர்கள் ஒரு கடிதம் போட்டாலே பல நேரம் வேலை முடிந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதையும் இலவசமாகவே போட முடியும்.

புண் ஆறி வெளியே வந்ததும் மறுபடி அதே திண்ணைக்குத்தானே வருவார்? டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே மாநகராட்சியின் வீடற்றோர் தங்குமிடத்தில் இடம் கேட்டு வையுங்கள். அந்தத் தங்குமிடப் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்து ஆதாரும் எடுக்கலாம், சொந்த முகவரி தேவையில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவர் சம்மதித்தால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் பராமரிப்புத் தொகை கேட்டு மனுப் போடலாம். அவரால் போட முடியாத நிலை என்றால், அவர் அதிகாரம் கொடுத்து நீங்களே அவருக்காகப் போடலாம். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அந்த முடிவு அவருடையது.