பெர்மிட்டின் பின்பக்கத்தில் இருக்கும் பெயர்

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஐந்தரைப் பக்கம் அக்காவின் கையெழுத்து. கடைசி நான்கு வரி அண்ணை எழுதியது, எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது.

சுருக்கம் இதுதான். அண்ணைக்கு ஈரலில் புற்றுநோய். தெல்லிப்பழையில் பார்க்கிறார்கள். இனிச் சில மாதம்தான் என்று டாக்டர் இருவரையும் ஒன்றாக இருத்திவைத்துச் சொல்லிவிட்டார். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயலும் வீடு இருக்கும் மேட்டுக்காணியும் 1988இல் அண்ணையின் பெயருக்குக் கிடைத்த பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1993இல் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் தாலி கட்டினார்கள், பதியவில்லை. ஒரே மகள், வவுனியாவில் வேலை. மீள்குடியேறி வந்தபோது காடாகிக் கிடந்த வயலில் பாதியை அண்ணையின் தம்பி பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) பிடித்துத் திருத்தி, அன்றிலிருந்து அவரே விதைக்கிறார். இப்போது, அண்ணனுக்குப் பின் காணி தனக்குத்தான் என்கிறார். மரண சாசனம் எழுதினால் போதுமா, இல்லை அற்றோணித் தத்துவம் (அவருக்குப் பதிலாக நான் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி எடுக்கட்டுமா என்று அக்கா கேட்கிறார்.

அக்கா, மாமியார் சொன்ன சொல்லையும், ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் எட்டிப் பார்க்காததையும், தம்பி பெண்சாதி கிணற்றடியில் வைத்துக் கேட்ட கேள்வியையும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வாசித்தேன், மனம் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு வரிகூட பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் உங்களுக்கு உதவாது. அதை இப்போதைக்கு மடித்து வையுங்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெர்மிட்டின் படத்தை இரண்டு விரலால் பெருப்பித்துப் பாருங்கள். முள்ளிவாய்க்கால் வரை பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக் கொண்டுபோன அதே தாள், மடிப்பு எல்லாம் கிழிந்திருக்கிறது. பின்பக்கத்தில் பின்னுரித்தாளர், அதாவது பெர்மிட்காரருக்குப் பின் காணி யாருக்கு என்ற இடத்தில் நீல மையில் ஒரு பெயர் இருக்கிறது. அது தம்பியின் பெயர். அண்ணை அப்போது கல்யாணம் கட்டாதவர், தம்பியைத்தான் போட்டிருக்கிறார், பிறகு இருவருமே அதை மறந்துவிட்டீர்கள். கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட இந்தப் பெயர்தான் உங்கள் பிரச்சினை.

மரண சாசனத்தை நம்பி இருக்க வேண்டாம். அற்றோணித் தத்துவம் இன்னும் மோசம், கொடுத்தவரின் உயிர் போகும் நிமிடத்தில் அதுவும் போய்விடும். தேசவழமை (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம்), தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பின் தேடிய சொத்து) என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது உறுதி எழுதிய சொந்தக் காணிக்குச் சரி. பெர்மிட் காணியின் பின்னுரித்து 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படிதான் போகும், வேறு எந்த வழமையும் அங்கே நுழையாது.

அந்தச் சட்டத்தில் மனைவிக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. பெர்மிட்டில் பெயர் போடாவிட்டாலும் கணவனுக்குப் பின் மனைவி காணியில் இருந்து விதைத்துச் சீவிக்கலாம். விற்க முடியாது, தனக்குப் பின் இன்னார் என்று நியமிக்க முடியாது, உங்கள் காலத்துக்குப் பின் பின்னுரித்தாளருக்குப் போகும். ஆனால் மனைவி என்றால் யார்? கோயிலில் கட்டிய தாலி சட்டப்படி செல்லும், நான் மறுக்கவில்லை, ஆனால் அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஐயரையும் சாட்சிகளையும் வைத்து நிரூபிக்க வேண்டும், உங்கள் ஐயர் 2009இல் செத்துப்போனார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காணி உத்தியோகத்தர் கேட்பது விவாகச் சான்றிதழ். ஆகவே முதலில் கல்யாணத்தைப் பதியுங்கள். அண்ணையால் கந்தோருக்குப் போக முடியாவிட்டால் விசேட அனுமதி எடுத்து வீட்டிலேயே பதியலாம். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு இது என்ன கூத்து என்று ஊரில் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டிருக்கிறீர்கள். சிரிக்கட்டும். மகளின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்ற இடத்தில் 'இல்லை' என்று கிடப்பதையும் அதன் பிறகு திருத்தலாம்.

அடுத்தது பின்னுரித்தாளர் நியமனம். அண்ணை, இது உங்களுக்கு. தம்பியின் பெயரை வெட்ட அவருடைய சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை, பெர்மிட்காரர் நீங்கள், உங்கள் விருப்பம். அந்த இடத்தில் அக்காவின் பெயரைப் போட நினைக்கிறீர்கள், நான் மகளின் பெயரைப் போடச் சொல்வேன். பதிவு முடிந்தால் அக்காவின் உரிமை எப்படியும் வருகிறது, அவருக்குப் பின் காணி எங்கே போகும் என்பதைத்தான் நீங்கள் இப்போது தீர்மானிக்க வேண்டும். பதிவில் ஏதாவது சிக்கல் வந்தாலும் மகள் தாயை எழுப்பமாட்டாள்.

இனி நான் பயப்படும் விஷயம். படிவத்தில் செய்யும் நியமனமோ அதன் இரத்தோ, பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே பதியப்பட்டிருக்க வேண்டும். அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு. கையெழுத்து வைத்த திகதியைப் பார்க்கமாட்டார்கள், பதிந்த திகதியைத்தான் பார்ப்பார்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் தகப்பனுக்குச் சிறுநீரக வருத்தம், சமாதான நீதவானை வீட்டுக்கே கூட்டி வந்து படிவத்தில் மூன்று பிரதியிலும் ஒழுங்காகக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வியாழக்கிழமை. மருமகன் அதை மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைத்திருந்தான், வெள்ளி விடுமுறை, சனி இரவு தகப்பன் போய்விட்டார். திங்கட்கிழமை காணிக் கிளையில் கொடுத்த அந்தப் படிவத்துக்குப் பெறுமதி இல்லை, பழைய பெயர்தான் நின்றது. அந்தப் பிள்ளை என் மேசையில் வைத்த தாளில் சீட்டு ரெக்சினின் சூட்டுத்தடம் இருந்தது, எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. இன்னொரு வகையும் உண்டு, படிவத்தைக் கொடுத்து ரசீதும் வாங்கிவிடுவார்கள், கோப்பு தட்டிலேயே இரண்டு மாதம் கிடக்கும். ஆகவே கொடுத்துவிட்டோம் என்று வீட்டுக்கு வராதீர்கள். காணிக் கிளையின் பதிவுப் புத்தகமான லெட்ஜரைத் திறந்து காட்டச் சொல்லி, பழைய பெயர் வெட்டுப்பட்டு மகளின் பெயர் திகதியோடு ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்து, உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை எடுங்கள். யுத்தத்தில் அந்தக் கந்தோரின் லெட்ஜர் அழிந்து புதிதாக எழுதியிருந்தால் அண்ணையின் பெயரே அதில் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வலி மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். மோர்பின் குடித்து மயக்கத்தில் இருக்கும்போது வாங்கிய கையெழுத்து என்று தம்பி நாளைக்குச் சொல்வார், சொல்ல வைக்க ஆள் இருக்கிறார்கள். காலையில் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து வையுங்கள். தெளிந்த புத்தியோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் அதே நாளில் ஒரு கடிதம் வாங்குங்கள். அண்ணையின் கடைசி நான்கு வரியில் எழுத்து நடுங்கினாலும் வசனம் ஒன்றும் பிழைக்கவில்லை. அந்தத் தெளிவு எத்தனை வாரத்துக்கு என்று எனக்கோ உங்களுக்கோ தெரியாது.

தம்பி கேட்பது நான்கு லட்சம், பெக்கோ வாடகையும் வேலி அடைத்த செலவும். நியாயமா இல்லையா என்று இரண்டு பக்கம் வாதாடியிருக்கிறீர்கள். கொடுங்கள், அக்கா. குறைத்துப் பேசலாம், ஆனால் கொடுத்து முடியுங்கள். பாதி வயல் அவர் கையில் இருக்கிறது, வழக்கு என்று போனால் எத்தனை வருடம் இழுபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை, அப்போது பக்கத்தில் இருந்து பேச அண்ணை இருக்கமாட்டார். இன்று அண்ணை கட்டிலில் சாய்ந்துகொண்டு "தம்பி, உன் காசைத் தாறன், வயலை விடு" என்று சொன்னால் அவர் கேட்பார், கேட்கும் ஆள் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது. கோபம் எல்லாம் பெண்சாதிமாருக்குள்தான் அதிகம். காசைக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டேன், இனிக் காணியில் எனக்கு உரித்து இல்லை என்று எழுதி, விதானையாரையும் (கிராம அலுவலர்) ஊரில் ஒரு பெரியவரையும் வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் லெட்ஜர் வேலை முடிந்த பிறகுதான் இந்தப் பேச்சு. முந்திப் பேசினால் அவர் முந்திப் போய்க் கந்தோரில் ஒரு ஆட்சேபனைக் கடிதம் கொடுத்துவிடுவார், கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

அண்ணை எழுதிய நான்கு வரியில் ஒரு கேள்வி இருந்தது: நான் போனபின் இவளை யாரும் வீட்டை விட்டு எழுப்புவார்களா? கல்யாணப் பதிவும் நியமனப் பதிவும் முடிந்தால் எழுப்ப முடியாது, ஒரு விஷயத்தைத் தவிர. அந்தியேட்டி முடிந்ததும் மகள் தாயைத் தனியே விடமாட்டேன் என்று வவுனியாவுக்குக் கூட்டிப் போவாள். போங்கள், பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள். இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனைவி காணியைப் பொறுப்பெடுத்து அதில் இருக்காவிட்டால் உரிமை போய்விடும். துக்கத்தில் ஒரு வருடம் தன் தமக்கை வீட்டில் இருந்துவிட்டு வந்து, தன் வளவில் இன்னொருவர் உழுவதைப் பார்த்த பெண்ணை எனக்குத் தெரியும். வீட்டில் விளக்கு எரியட்டும், கமநல சேவை நிலையத்தில் உரப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், வருகிற பெரும்போகத்தை நீங்களே நின்று விதையுங்கள், அண்ணை வரம்பில் கதிரை போட்டு இருந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.