கேட்டுத்தான் பார்ப்போமே: ஏப்ரல் வருகிறது, எங்கே போகலாம்?

ஏப்ரல் நெருங்கினாலே நமக்கு வரும் கடிதங்கள் எல்லாம் நிகழ்ச்சிகளைப் பற்றியே ஆகிவிடுகின்றன. எங்கே நடக்கிறது, யார் பேசுகிறார், பிள்ளைகளை அழைத்து வரலாமா, இப்படி. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், உங்கள் கடிதத்தைக் காணோமே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், வேலை கிடைத்துச் சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஏப்ரலில் தமிழ் மொழி விழா என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எந்த அரங்கில் நடக்கிறது, டிக்கெட் எங்கே வாங்க வேண்டும்? (பொங்கோல் வாசகர்)

பதில்: எந்த அரங்கில் என்று கேட்டீர்கள் பாருங்கள், புதிதாக வருகிற எல்லாரும் தடுமாறும் இடம் அதுதான். நானும் முதல் வருடம் அப்படித்தான் ஒரு வாசலைத் தேடிக்கொண்டிருந்தேன். இது ஓர் அரங்கில் நடக்கிற விழா இல்லை. வளர்தமிழ் இயக்கம் 2007இலிருந்து ஏப்ரல் மாதத்தை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது, அந்த மாதத்துக்குள் எழுத்தாளர் அமைப்புகள், பல்கலைக்கழக மாணவர்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், நாடகக் குழுக்கள், நூலகம் என்று ஆளுக்கொரு நாளைப் பிடித்துக்கொள்வார்கள். தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கும். உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் ஒரு பட்டிமன்றம் என்றால் அதே மாலை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஒரு கவியரங்கம் இருக்கும், இரண்டுக்கும் உங்களுக்குத் தெரிந்தவர் கூப்பிட்டிருப்பார். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் முன்கூட்டியே பெயர் பதியச் சொல்வார்கள். நாடகம் மாதிரி சிலவற்றுக்கு டிக்கெட் இருக்கும். வார இறுதிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஓடினால் மூன்றாவது வாரத்தில் தமிழே கொஞ்ச நாள் வேண்டாம் என்று ஆகிவிடும், எனக்கு ஆகியிருக்கிறது.

எதற்குப் போவது என்றால் என் ஓரவஞ்சனையைச் சொல்லிவிடுகிறேன்: மாணவர்கள் நடத்துவதற்குப் போங்கள். ஒலிபெருக்கி கீச்சிடும், நெறியாளர் பெயரை மாற்றிச் சொல்வார், ஆனால் இருபது நிமிடம் வரவேற்புரை பேசுவதற்கு அந்தப் பிள்ளைகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

கேள்வி: ஆறு மணி என்று அழைப்பிதழில் போடுகிறார்கள், ஆறே முக்காலுக்குக் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். இது எப்போது மாறும்? (தோ பாயோ வாசகர்)

பதில்: நீங்களும் நானும் ஆறு மணிக்கே போய் உட்கார்ந்து பழகினால். சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று காத்திருப்பதைவிட, வந்தவர்களை வைத்து ஆரம்பித்துவிடுவது நல்லது என்று ஏற்பாட்டாளர்களிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை அழைப்பிதழ் வரவில்லை.

கேள்வி: அண்ணே, நான் கட்டுமான வேலை பார்க்கிறேன், விடுதி துவாஸ் பக்கம். ராத்திரி கைப்பேசியில் கவிதை மாதிரி ஏதோ எழுதி வைப்பேன், இதுவரை யாரிடமும் காட்டியதில்லை. இந்த மாதிரி கூட்டங்களுக்கு எங்களை மாதிரி ஆட்கள் வரலாமா? எல்லாரும் படித்தவர்களாக இருப்பார்களே. (துவாஸ் வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்காகத்தான் இந்த மாதம் மற்றவர்களுக்கு இடத்தைச் சுருக்கினேன்.

வரலாம். யாரும் வாசலில் நின்று அட்டை கேட்கப்போவதில்லை, படிப்பும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஏப்ரல் மாதப் பெரிய மேடைகளில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். அங்கே போனால் கைதட்டிவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான். உங்களுக்குத் தோதானது மாதாமாதம் நடக்கிற சின்னக் கூட்டம். கவிமாலை என்று ஒரு அமைப்பு 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கூடுவது அவர்கள் வழக்கம், வந்தவர்கள் தங்கள் கவிதையை வாசிக்கலாம். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம், 1976இல் தொடங்கியது, மாதத்தின் முதல் ஞாயிறு கதைக்களம் நடத்துகிறது, அது கதை எழுதுகிறவர்களுக்கு. நீங்கள் எழுதுவது கவிதைதான், ஆனாலும் சனிக்கிழமை ஓவர்டைம் இருந்தால் உங்களுக்கு ஞாயிறுதான் சரிப்படும் என்று நினைக்கிறேன். கூடுகிற இடம் அவ்வப்போது மாறும், அதனால் கிளம்பும் முன் அந்த மாத அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தேசிய நூலகத்தில் என்றால் உங்களுக்கு வழி சுலபம்: துவாஸ் லிங்க்கில் பச்சைப் பாதை ரயில் ஏறி, மாறாமல் பூகிஸில் இறங்கி, நடந்து போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு தடவை பார்த்ததைச் சொல்கிறேன். அப்படியொரு கூட்டம், நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், இருபத்தைந்து பேர் இருந்தோம். கடைசி வரிசையில் முதுகில் கம்பெனி பெயர் அச்சடித்த சட்டையோடு ஒரு பையன், வாசிக்கச் சொன்னதும் கைப்பேசியோடு எழுந்தான். பாதியில் திரை அணைந்துவிட்டது. விரலை வைத்தான், திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான், அப்போதும் இல்லை. சிமெண்டிலேயே வேலை செய்து கைரேகை தேய்ந்திருந்தது. கடைசியில் எண்ணை அழுத்தித் திறந்து, விட்ட வரியிலிருந்து ஆரம்பித்தான். கவிதை என்ன தெரியுமா, விடியும் முன் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தைப் பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது வருகிற வாசனை. அவ்வளவுதான் விஷயம், பதினைந்து வரி இருக்கும். முடிந்ததும் எல்லாரும் தட்டினார்கள், ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, “கடைசி ரெண்டு வரி வேண்டாம் தம்பி, வாசனையோட நிறுத்திடு” என்றார். பையன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அப்புறம் அங்கேயே நின்று அந்த இரண்டு வரியை அழித்தான். ஏழை பாவம் என்று தட்டிக்கொடுத்து அனுப்பாமல், எழுதுகிறவன் என்று நினைத்துத் திருத்தினார் பாருங்கள், அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

ஒன்றிரண்டு நடைமுறை விஷயம். காகிதத்தில் எழுதிக் கொண்டுபோங்கள், காரணம் புரிந்திருக்கும். ஒன்றை மட்டும் வாசியுங்கள், நேரம் இருக்கிறது என்று ஆசை காட்டினாலும் இரண்டாவதற்குப் போகாதீர்கள். முதல் தடவை சும்மா கேட்டுவிட்டு வந்தாலும் தவறில்லை. இன்னொன்று, வெளிநாட்டு ஊழியர்களுக்கென்றே ஒரு கவிதைப் போட்டி 2014இல் வங்காள மொழிக்காரர்களோடு இங்கே ஆரம்பித்தது, பிறகு தமிழையும் சேர்த்துக்கொண்டார்கள். படித்தவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்ற பயத்தை அந்த மேடை எப்போதோ உடைத்துவிட்டது.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். விழாவுக்கு அழைத்துப் போனால் மாறுவாளா? (செங்காங் வாசகி)

பதில்: ஒரு விழாவில் எந்தப் பிள்ளையும் மாறாது அம்மா. உங்கள் வீடு மட்டும் இல்லை, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகள் எல்லாரிலும் 2.5 விழுக்காடு, பத்து வருடத்துக்கு முன் 3.3. பட்டிமன்றத்துக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள், அங்கே பெரியவர்களே அடுத்தவர் சிரிப்பதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

தேக்காவில் கேம்பல் லேன் பக்கம் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது, 2015இல் திறந்தது. உள்ளே 19ஆம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு மரவாசல் ஒன்று நிற்கிறது, அதில் பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கில் சிற்பங்கள். அதன் முன்னால் நிறுத்தி யானை எத்தனை, கிளி எங்கே என்று எதையாவது தேடச் சொல்லுங்கள், தமிழில். யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி வைத்தால் எந்த மொழியில் கத்துகிறோம் என்பதை மறந்துவிடுவாள். வெளியே வந்து பூச்சரம் வாங்கும்போது முழம் என்றால் என்ன என்று கேட்பாள், கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் தமிழர் திருநாள் என்றால் ஊரே திரளும். இப்போது நடப்பதெல்லாம் அதற்கு ஈடாகுமா? (ரெட்ஹில், வயது 81)

பதில்: ஐயா, அந்தக் கூட்டத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், நீங்கள் உள்ளே நின்றிருக்கிறீர்கள், அதனால் ஈடு என்று வாதாட மாட்டேன். 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952இல் சாதி, மதம் பார்க்காமல் எல்லாத் தமிழரும் ஒன்றுசேர ஒரு நாள் வேண்டும் என்று தமிழர் திருநாளைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று “தமிழ் எங்கள் உயிர்” நிதி திரட்டியதும் அவர்தான், உழைப்பாளிகள் கொடுத்த சின்னச் சின்னத் தொகைதான் அதில் சேர்ந்தது. அன்று ஒரு பத்திரிகை கூப்பிட்டால் எல்லாரும் வந்தார்கள். இன்று நூறு பேர் நூறு குழுவில் கூப்பிடுகிறார்கள். கூட்டம் குறைந்ததைவிட, சிதறிவிட்டது என்பதே என் கணக்கு.

ஒரு வேண்டுகோள்: தேசிய நூலகத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் பழைய தமிழ் முரசு பக்கங்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளையை உட்காரவைத்துத் தேடச் சொல்லுங்கள், ஏதாவது ஒரு செய்தியில் நீங்கள் நின்ற மேடை வரும். அப்போது ஞாபகம் வருவதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள், போடுகிறேன்.

கேள்வி: ஏப்ரல் முடிந்தால் அடுத்து எப்போது? டிக்கெட் விலையைப் பார்த்தால் குடும்பத்தோடு போக முடியவில்லை. (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: நவம்பருக்குக் கொஞ்சம் மிச்சம் பிடித்து வையுங்கள். சிங்கப்பூர் எழுத்தாளர் விழா அந்த மாதத்தில்தான் வழக்கமாக வரும், 1986இல் தொடங்கியது, 2011இலிருந்து ஆண்டுதோறும், தமிழ் அமர்வுகளும் உண்டு. எஸ்பிளனேட் கலையரங்கம் நடத்துகிற இந்தியக் கலை விழா கலா உற்சவமும் அதையொட்டியே வரும், அதில் வெளியரங்கில் நடப்பவை இலவசம், அதனால் அரங்கின் உள்ளே நடப்பதில் ஒன்றை மட்டும் காசு கொடுத்துப் பாருங்கள். நீங்கள் சிங்கப்பூரர் என்றால், 2025இல் 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் எஸ்ஜி கல்ச்சர் பாஸில், அதாவது உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கென்று அரசு கொடுத்ததில், 100 வெள்ளி இருக்கிறது, 2028 கடைசி வரை செல்லும். வீட்டில் மூன்று பெரியவர்கள் என்றால் 300. எத்தனை பேர் இதைத் தொடாமலே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கிறது, என்னுடையதையும் போன மாதம்தான் எடுத்தேன்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், இலக்கியக் கூட்டங்களில் சாப்பாடு உண்டா? (பெயர் வேண்டாம்)

பதில்: “சிற்றுண்டி வழங்கப்படும்” என்று அழைப்பிதழில் இருந்தால் உண்டு. கூட்டம் தொடங்கும் முன்னாலேயே வைத்துவிட்டால் போய்ச் சேருவதற்குள் வடை தீர்ந்துவிடும், கேசரி மட்டும் இருக்கும். முடிந்த பிறகு என்றால், நன்றியுரை ஆரம்பித்ததும் பின்கதவுப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். நான் அங்கேதான் நிற்பேன்.