மண் ஈரமாகவே இருக்கிறது, ஆனாலும் வீட்டுக்குள் இருக்கும் மணி பிளான்ட் வாடி, இலை மஞ்சளாகிறது. வேர் அழுகலா? காப்பாற்ற முடியுமா?

வேர் அழுகலாகத்தான் இருக்கும். முதலில் கையிலிருக்கும் தண்ணீர் மக்கைக் கீழே வையுங்கள். வாடின செடியைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். என் கையும் அப்படித்தான் போனது. ஆறு வருஷமாக வளர்த்த கொடியைக் கிட்டத்தட்ட நானே கொன்றிருப்பேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. எங்கள் தெருவுக்குள் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் இல்லை, சன்னலைத் திறக்க முடியவில்லை, வெயிலைப் பார்க்கவே நாளானது. சித்திரை வெயிலுக்குப் பழகிய கை சும்மா இருக்குமா? காலையில் காபி போட்ட கையோடு கூடத்துத் தொட்டிக்கு ஒரு மக் ஊற்றுவதை ஒரு நாளும் விடவில்லை. பொங்கலுக்கு முன்னால் அடியிலை நான்கு மஞ்சளாகி, கொடியே துவண்டது. தண்ணீர் போதவில்லை போல என்று ஒரு மக்கை இரண்டாக்கினேன்.

மருந்து கேட்கலாம் என்று நர்சரிக்குப் போனால், அந்த அண்ணாச்சி போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “செடிக்கு மூச்சு முட்டுதுக்கா. நீங்க மேல மேல தண்ணிய ஊத்துதிய.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. வேரும் மூச்சு விடும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்ஸிஜன். அந்த இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால், தண்ணீர் வழியாக ஆக்ஸிஜன் நகரும் வேகம் காற்றில் நகர்வதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. வேர் திணறிச் சாகத் தொடங்கும். செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது. அப்புறம் பித்தியம், பைட்டாப்தோரா மாதிரி கிருமிகள் உள்ளே நுழையும். பார்க்கப் பூஞ்சை போல இருந்தாலும் இவை அசல் பூஞ்சை இல்லை. இவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகும். ஆத்தூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களிடம் வாடல் நோய் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். வெற்றிலைக்கு அந்த வாடலைக் கொண்டுவருவதும் பைட்டாப்தோரா இனம்தான்.

வீட்டுக்கு வந்து கொடியைத் தொட்டியோடு சாய்த்து உருவினேன். தென்னை மட்டை ஊறப்போட்ட குட்டைப் பக்கம் போனால் ஒரு வாடை வருமே, அதே வாடை. நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். இதில் பாதிக்கு மேல் காப்பித்தூள் நிறத்தில் கொழகொழவென்று கிடந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். தோல் மட்டும் விரலோடு வந்துவிட்டது, உள்ளே விளக்குத்திரி மாதிரி ஒரு நூல் மிச்சம். இந்தச் சோதனை ஒன்று போதும், வேறு சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் குழாய்த் தண்ணீரில் மண்ணை முழுக்கக் கழுவினேன். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து, கொழகொழப்பு முடிந்து உறுதியான வேர் தெரியும் வரை வெட்டினேன். இங்கே இரக்கம் பார்த்தால் மறுபடி அழுகும். வேர் குறைந்துவிட்டதால் மஞ்சள் இலைகளையும் நீளமான இரண்டு கொடிகளையும் எடுத்துவிட்டேன். நிழலில் ஒரு மணி நேரம் உலரவிட்டு, முன்பைவிடச் சின்னத் தொட்டியில் புது மண்ணில் நட்டேன். பெரிய தொட்டிக்கு மாற்றினால் செடி தேறும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். இருக்கிற கொஞ்ச வேரால் அவ்வளவு மண்ணிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தீர்க்க முடியாது. பழைய மண்ணை வேறு தொட்டியில் போடாதீர்கள். பழைய தொட்டியையும் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவாமல் எடுக்க வேண்டாம்.

மருந்தென்று நான் போட்டது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் மட்டும், ஒரு தேக்கரண்டி, மட்கிய தொழு உரத்தில் கலந்து. உரக்கடையில் கிடைக்கும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றுவதானால் லிட்டருக்கு இரண்டரை கிராம். ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் போட்டால் காப்பர் மருந்து டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். லவங்கப்பட்டைத் தூள் தூவுகிறார்கள், எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மருந்தைவிட வெட்டுவதும் காயவிடுவதும்தான் வேலை செய்கிறது. புதுத் தளிர் வரும் வரை வேறு உரம் கிடையாது.

வேர் மொத்தமும் போயிருந்தாலும் மணி பிளான்ட்டைக் காப்பாற்றலாம். பச்சையாக இருக்கும் தண்டில் கணுவோடு ஒரு சாண் வெட்டித் தண்ணீர் பாட்டிலில் வையுங்கள், இலை மட்டும் தண்ணீரில் முங்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் கணுவிலிருந்து வேர் விடும். தண்ணீரில் வேர் அழுகாதா என்று கேட்பீர்கள். அங்கே முளைக்கும் வேர் அந்தச் சூழலுக்கேற்பவே வளர்கிறது. நீங்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும்.

இனி வராமல் இருக்க மண்ணைத்தான் மாற்ற வேண்டும். என் தொட்டியில் இருந்தது மாமா சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவந்த குளத்து வண்டல். வாழைக்கு அது அமிர்தம். ஆனால் ஒன்பது அங்குலத் தொட்டிக்குள், வெயில் படாத கூடத்தில், அது சேறு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் அப்படித்தான், ஈரத்தை விடவே விடாது. இப்போது இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கழுவிய தென்னை நார்க் கழிவு, ஒரு பங்கு உமிக்கரியும் பொடித்த செங்கலும், கொஞ்சம் மண்புழு உரம்.

தொட்டிக்கு அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று ஊரே சொல்லும். வடியாது. மண்ணின் அடிப்பகுதியில் தேங்கும் ஈரம், ஜல்லிக்கு மேலே வந்து தேங்கும், அவ்வளவுதான். ஈரப் பஞ்சை ஜல்லித் தட்டில் வைத்தாலும் அதன் அடிப்பாகம் நனைந்தேதான் இருக்கும். ஓட்டைமேல் மண் ஓடாமல் இருக்க ஒரு ஓட்டாஞ்சில்லு போதும். அழகுக்காகப் பீங்கான் தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வைத்திருந்தால் தூக்கிப் பாருங்கள். என்னுடையதில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. இப்போது சுட்ட மண் தொட்டிதான், சுவர் வழியாகவும் ஈரம் போகும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். ஆனி, ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும்போது சன்னலோரத் தொட்டி இரண்டு நாளில் காய்ந்துவிடும். அதே தொட்டி ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாளானாலும் காயாது. நான் வாரியல் குச்சி ஒன்றை உருவி, இட்லி வெந்ததா என்று பார்ப்பது போல அடி வரை குத்திப் பார்க்கிறேன். குச்சியில் மண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

என் கொடியில் மாசிக் கடைசியில்தான் முதல் தளிர் வந்தது. அதுவரை உயிர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உங்கள் செடியை இன்றே உருவிப் பாருங்கள். வெளுத்த வேர் பத்து இருந்தால்கூடப் போதும்.