நீங்கள் கேட்டு ஏமாந்த ஒலிப்புத்தகம் எது? ஏன்?

பெயர் வேண்டாம், எழுதியவருக்கு அது முதல் நாவல். பதின்ம வயதினருக்கான ஃபேன்டஸி, 14 மணி நேரம் ஓடும்.

கதாநாயகிக்குப் பதினேழு வயது. சிறு வயதிலிருந்தே உளவுக்காகப் பழக்கப்பட்டவள். எதிரி நாட்டு அரண்மனைக்குள் வேலைக்காரியாக நுழைகிறாள். இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளைப் போல் கெட்டிக்காரி கிடையாது என்று முதல் அத்தியாயத்தில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சரி, அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவார்கள் என்று காத்திருந்தால், கடைசிவரை அவள் உளவே பார்க்கவில்லை! ரகசியங்கள் எல்லாம் அவள் கதவோரம் போகும்போது தானாகக் காதில் விழுகின்றன. ஆபத்து வந்தால் மயங்கி விழுகிறாள். மூன்று முறை. ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் கட்டிலருகே இளவரசன்.

அவள் அழுவதோ பயப்படுவதோ எனக்குக் குறையில்லை. 2008இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலின் காட்னிஸும் பயப்படுகிறாள்தான். ஆனால் உயிரைப் பறிக்கும் போட்டிக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் தங்கையின் பெயர் வந்ததும், அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்னால் வந்து நிற்கிறாள். கதை முழுக்க அந்த ஒரு முடிவின் மேல்தான் நடக்கிறது. இந்தப் பெண் 14 மணி நேரத்தில் தானாக எடுத்த முடிவுகள் என் கணக்கில் இரண்டு. அதில் ஒன்று விருந்துக்கு எந்த உடை என்பது.

அச்சுப் புத்தகமாக இருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. இளவரசனின் கண் நிறத்தைப் பற்றிய பத்திகளைக் கண்ணாலேயே தாண்டிப் போயிருப்பேன். ஒலிப்புத்தகத்தில் மணிக்குச் சுமார் 9,000 சொற்கள்தான் நகரும். ஒவ்வொரு பெருமூச்சையும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். 30 வினாடி தாவினால் எங்கோ நடுவில் போய் விழுகிறோம். வேகத்தை ஒன்றரை மடங்காக்கினேன். அப்புறம் அவள் வேகமாகப் பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

வாசித்தவர் மேல் ஒரே ஒரு வருத்தம். காவலனை அதட்டும் இடத்தில்கூட அவள் குரலை அழப்போகிறவள் மாதிரி நடுங்க வைத்தார். மற்றபடி அபாரம். கிழட்டு சமையல்காரிக்கு அவர் கொடுத்த கரகரத்த குரலுக்காகத்தான் முடிவுவரை போனேன். சொல்லப்போனால் அந்தக் கிழவிதான் அரண்மனையில் உருப்படியாக உளவு பார்த்தவள்! யார் எந்தத் தட்டை மிச்சம் வைத்தார்கள் என்பதிலிருந்தே யாருக்கு யார்மேல் பயம் என்று சொல்லிவிடுவாள். அவளை வைத்து எழுதியிருந்தால் இரவெல்லாம் விழித்திருந்து கேட்டிருப்பேன்.

கதை அந்தரத்தில் நிற்கிறது. இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. மனசு கேட்காமல் இலவச மாதிரியைப் போட்டுப் பார்த்தேன். முதல் வரியிலேயே அவள் மயக்கம் தெளிந்து கண் விழிக்கிறாள்.