எல்லை தாண்டினால் மீண்டும் துப்பாக்கி: செயலிழந்த போர்த் துப்பாக்கிகளை வரவழைப்பது பற்றிய கேள்வி பதில்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு உலகப் போர்களின் துப்பாக்கிகளைச் சேகரித்து வருகிறேன். என்னிடம் இருப்பவை எல்லாம் செயலிழக்கச் செய்யப்பட்டவை, ஒன்றுகூடச் சுடாது. சேகரிப்பாளர்கள் இவற்றைச் சுருக்கமாக ‘டீஆக்ட்’ என்பார்கள். வாழ்வது பிரிட்டனில் என்பதால் என் பதில்கள் பெரும்பாலும் பிரிட்டன் சட்டத்தை ஒட்டியே இருக்கும். வேறு நாடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு உறுதியாகத் தெரிந்த அளவில் மட்டும் பதில் சொல்கிறேன்.

லெஸ்டர் வாசகர்: ஐயா, செக் நாட்டு வியாபாரி ஒருவர் மோசின்-நாகாந்த் ரைஃபிள் ஒன்றை அந்த நாட்டுச் செயலிழப்புச் சான்றிதழோடு விற்கிறார். சுடாத இரும்புதானே, நேராக வீட்டுக்கே வரவழைத்துவிடலாமா?

வேண்டாம். பணம் அனுப்பும் முன் கேட்டீர்களே, அதுவே நல்லது.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். துப்பாக்கி சுடுமா சுடாதா என்பது உலோகத்தின் நிலை. ‘செயலிழந்தது’ என்பது ஒரு நாட்டின் சட்டம் தரும் நிலை. குழலில் எஃகுக் கம்பியை அடித்து, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகமான போல்டையும் பற்றவைத்து மூடியிருக்கலாம். ஆனாலும் இந்த நாட்டுச் சட்டம் கேட்கும் முத்திரையும் சான்றிதழும் இல்லாவிட்டால், எல்லையில் அது உயிருள்ள துப்பாக்கியாகவே கருதப்படும் ஆபத்து உண்டு.

பிரிட்டனில் 1988ஆம் ஆண்டின் துப்பாக்கி திருத்தச் சட்டம், பிரிவு 8 என்ன சொல்கிறது? இலண்டன், பர்மிங்காம் ஆகிய இரண்டு ப்ரூஃப் ஹவுஸ்களில் ஒன்றின் முத்திரையும் எழுத்துச் சான்றும் இருந்தால், அந்த ஆயுதம் சுடும் திறன் அற்றது என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். ப்ரூஃப் ஹவுஸ் என்பது துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் பழைய நிறுவனம். இலண்டனில் அதை நடத்தும் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காமில் உள்ளது 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. வெளிநாட்டுக் காகிதம் மட்டும் இருந்தால் பிரிவு 8இன் ஊகம் உங்களுக்குத் துணைக்கு வராது. சுடாது என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில் ஏறிவிடும். அதைச் சுங்கக் கிடங்கின் வாசலில் நின்று நிரூபிக்க நேர்ந்தால் படும்பாடு கொஞ்சமல்ல.

அதே வாசகர்: அப்படியானால் எந்த வழியில் வரவழைப்பது?

பதிவு பெற்ற துப்பாக்கி வணிகர் ஒருவர் மூலமாக. அவர் அதை உயிருள்ள துப்பாக்கியாகவே கருதி, 1954ஆம் ஆண்டின் இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் உரிமம் வாங்கி, தன் பெயரில் வரவழைப்பார். பிறகு தேவையான வேலையைச் செய்து ப்ரூஃப் ஹவுஸுக்கு அனுப்புவார். அங்கே தேறி, முத்திரையும் சான்றும் கிடைத்த பிறகே அது உங்கள் கைக்கு வர வேண்டும்.

மோசின் போல ஒவ்வொரு முறையும் கையால் போல்டை இழுத்துச் சுடும் ரைஃபிளுக்குச் சாதாரண வணிகர் போதும். பிரென், எம்.ஜி.42 போன்ற இயந்திரத் துப்பாக்கி என்றால் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தடை செய்யப்பட்ட ஆயுதங்களைக் கையாள உள்துறை அமைச்சரின் தனி அனுமதி பெற்ற வணிகர்கள் மிகச் சிலரே. அவர்களின் கட்டணம் சில சமயம் துப்பாக்கியின் விலையையே தொட்டுவிடும்.

ஒப்பந்தத்துக்கு முன் விற்பவரிடம் வரிசை எண், மாதிரிப் பெயர், தோட்டா அளவு மூன்றும் தெளிவாகத் தெரியும் படங்களைக் கேளுங்கள். அவற்றைக் காகிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒருமுறை எனக்கு ரைஃபிள் அனுப்பியவர், வரிசை எண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒற்றை எழுத்தைப் பட்டியலில் விட்டுவிட்டார். அந்த ஓர் எழுத்துக்காகப் பெட்டி வாரக்கணக்கில் கிடங்கில் கிடந்தது. கிடங்கு வாடகையை நான்தான் கட்டினேன். அனுப்பும் நிறுவனத்தையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இருந்தாலும் துப்பாக்கி வடிவம் கொண்ட எதையும் ஏற்றமாட்டோம் என்னும் கூரியர்கள் பலர். ‘உலோக அலங்காரப் பொருள்’ என்று எழுதி அனுப்பிவிடலாம் என்று எந்த வியாபாரியாவது சொன்னால், அந்த நிமிடமே விலகிவிடுங்கள். பொய்யான அறிவிப்பு தனிக் குற்றம். பிறகு உண்மையான சான்றிதழைக் காட்டினாலும் நம்ப ஆள் இருக்காது.

பர்மிங்காம் மாணவர்: முன்பெல்லாம் இவ்வளவு கெடுபிடி இல்லை என்கிறார்களே, ஏன் மாறியது?

பிரிட்டனில் செயலிழப்பு முறை பெரிதாக வளர்ந்ததே ஒரு துயரத்துக்குப் பிறகுதான். 1987 ஆகஸ்டில் ஹங்கர்ஃபோர்டில் நடந்த படுகொலையை அடுத்து 1988 சட்டம் வந்தது. தானியங்கி மறுநிரப்பு ரைஃபிள்கள் தடை செய்யப்பட்டன. வைத்திருந்தவர்களுக்குச் செயலிழக்கச் செய்வது ஒரு வழியாக அமைந்தது. அந்தக் காலத்து வேலையில் போல்ட் அசையும், விசை சொடுக்கும், பாகங்களைக் கழற்றிப் பார்க்கலாம். 1995 அக்டோபரில் தரம் இறுகியது.

அடுத்த அடி பாரிஸிலிருந்து வந்தது. 2015 ஜனவரியில் யூதர் பல்பொருள் அங்காடியைத் தாக்கியவனிடம் இருந்த ரைஃபிள்கள், ஸ்லோவாக்கியாவில் ஒலி மட்டும் எழுப்பும் துப்பாக்கிகளாக விற்கப்பட்டு, பிறகு திரும்ப மாற்றப்பட்டவை. அந்த ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 2015/2403 என்ற ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. அது 2016 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. 2018 ஜூன் 28 முதல் திருத்தப்பட்ட வடிவம். அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டனும் அந்தத் தரத்தை ஏற்றது.

பற்றவைப்பில் மூடிப்போன ஒரு லீ-என்ஃபீல்டின், அதாவது அன்றைய பிரிட்டன் படைகளின் ரைஃபிளின், போல்டைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும். அந்த அசைவில்தான் அந்தத் துப்பாக்கியை வடிவமைத்தவனின் அறிவு இருந்தது. ஆனாலும் அங்காடியில் இறந்தவர்களை நினைத்துப் பார்த்தால், இந்த விதிமேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

ஈஸ்ட் ஹாம் வாசகி: மாமனார் இறந்த பிறகு அலமாரியில் ஜெர்மன் எம்.பி.40 ஒன்று இருந்தது. 1992ஆம் ஆண்டு தேதியிட்ட சான்றிதழ் உறையில் இருக்கிறது. வைத்திருக்கலாமா? கனடாவில் இருக்கும் என் கணவரின் தம்பி கேட்கிறார், கொடுக்கலாமா?

அம்மா, முதலில் பதற்றம் வேண்டாம். 1992இல் சரியான முத்திரையோடும் சான்றோடும் செய்யப்பட்டதென்றால், அதை வைத்திருப்பது குற்றமல்ல. அந்த உறையை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். துப்பாக்கியைவிட அது மதிப்பு மிக்கது.

விற்பதும் பரிசாகக் கொடுப்பதும் வேறு கதை. 2017 மே மாதம் முதல், இன்றைய தரத்தை எட்டாத செயலிழந்த துப்பாக்கியை விற்பதும், விற்பதாக அறிவிப்பதும், பரிசளிப்பதும் குற்றம். கைமாற்ற விரும்பினால் புதிய தரத்துக்கு வேலை செய்து மறுசான்று வாங்க வேண்டும். அசையும் பாகங்கள் அத்தோடு அசையாமல் போகும். சந்தை மதிப்பும் குறையும். உரிமம் பெற்ற அருங்காட்சியகங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே குடும்பத்தில் யாருக்கும் ஆர்வம் இல்லையென்றால், வேலை செய்து சிதைப்பதற்கு முன் ஓர் இராணுவ அருங்காட்சியகத்தைக் கேளுங்கள் என்பேன். புதிய தரத்தில் உள்ளதை உள்நாட்டில் கைமாற்றினாலும், 2019 டிசம்பர் முதல் உள்துறை அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

கனடாவுக்கு அனுப்புவதை மறந்துவிடுங்கள். அங்கே செயலிழப்புக்கு அந்த நாட்டுக் காவல் துறையின் வழிகாட்டுதல்படி வேலை நடந்திருக்க வேண்டும். எம்.பி.40 ஓர் இயந்திரத் துப்பாக்கி என்பதால் சிக்கல் இரட்டிப்பாகும்.

க்ராய்டன் வாசகர்: நேபாளத்திலிருந்து வந்த மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய ரைஃபிள் ஒன்று ஏலத்தில் இருக்கிறது. செயலிழக்கச் செய்த பிறகே வாங்க வேண்டுமா?

தயவுசெய்து அந்தப் பாவத்தைச் செய்துவிடாதீர்கள். அதன் .577/450 தோட்டா வழக்கொழிந்த அளவுகளின் பட்டியலில் இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த பழம்பொருள் துப்பாக்கி விதிகளின்படி, 1939 செப்டம்பருக்கு முன் செய்யப்பட்ட இத்தகைய துப்பாக்கியை அலங்காரப் பொருளாக மட்டும் வைத்திருந்தால் உரிமம் வேண்டாம், செயலிழப்பும் வேண்டாம். சுட நினைத்தால் விலக்கு போய்விடும். விதி தெரியாமல் பற்றவைத்துக் கெடுக்கப்பட்ட பழந்துப்பாக்கிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்; அவற்றை மீட்க வழியே இல்லை.

மான்செஸ்டர் வாசகர்: வரி எவ்வளவு வரும்?

சுங்க அட்டவணையின் 93ஆம் அத்தியாயம் ஆயுதங்களுக்கானது. ஆனால் சேகரிப்புப் பொருள்களையும் பழம்பொருள்களையும் அந்த அத்தியாயத்தின் குறிப்பே விலக்கி, 97ஆம் அத்தியாயத்துக்கு அனுப்புகிறது. 9705 என்ற தலைப்பில் ஏற்கப்பட்டால் சுங்கத்தீர்வை இல்லை. இறக்குமதி வாட் வரியும் 20 விழுக்காட்டுக்குப் பதில் 5 விழுக்காடுதான். ஆனால் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண ரைஃபிளுக்கு வரலாற்று மதிப்பு உண்டென்று நீங்கள்தான் காட்ட வேண்டும். விலை உயர்ந்த பொருள் என்றால் வரித் துறையிடம் முன்கூட்டியே வகைப்பாட்டுத் தீர்மானம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கார்டிஃப் வாசகர்: அண்ணா, என் பெட்டியை எல்லையில் பறிமுதல் செய்துவிட்டார்கள். கடிதம் வந்து பத்து நாளாகிறது. என்ன செய்வது?

தம்பி, கடிதத்தின் தேதியைப் பாருங்கள். உங்களுக்கு இருப்பது ஒரு மாதம். அதில் பத்து நாள் போய்விட்டது.

வழிகள் இரண்டு, இரண்டும் வெவ்வேறு. பறிமுதலே சட்டப்படி தவறு என்று நினைத்தால், அந்த ஒரு மாதத்துக்குள் எழுத்தில் உரிமை கோர வேண்டும். விஷயம் நீதிமன்றம் போகும். பறிமுதல் சரிதான், ஆனாலும் பொருளைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பது மீட்பு மனு. கெடு தாண்டினால் பொருள் சட்டப்படி பறிபோனதாகவே கொள்ளப்படும். அதன் பிறகு அது சுடாது என்று எவ்வளவு வாதாடினாலும் எடுபடாது. சான்றிதழ் நகல், முத்திரையின் அண்மைப் படங்கள், வாங்கிய ரசீது மூன்றையும் இன்றே சேர்த்து வையுங்கள். துப்பாக்கிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். காவல் துறையினர் வீட்டுக்கு வந்தால் ஒளிக்காமல் பேசுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: பற்றவைப்பைச் சற்றே தளர்த்தி, போல்ட் மட்டும் அசையும்படி செய்யலாமா? காட்சிக்குத்தான்.

கூடாது. கை வைத்த கணமே உங்கள் சான்றிதழ் பயனற்றதாகிவிடும். உங்களிடம் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி ஆகலாம். சுட முடியாததைச் சுடும்படி மாற்றுவது தனிப் பெருங்குற்றம். இந்தத் திசையில் எந்தக் கேள்விக்கும் நான் பதில் தரமாட்டேன். அசைவு வேண்டுமென்றால் நல்ல காணொளிகள் இருக்கின்றன; அருங்காட்சியகங்களில் குறுக்கே வெட்டிய மாதிரிகளும் உண்டு.

சென்னை, சிட்னி வாசகர்கள் இருவர்: பிரிட்டனில் வாங்கிய டீஆக்டை ஊருக்குக் கொண்டுவரலாமா?

சென்னைக்கு: பிரிட்டன் சான்றிதழுக்கு அங்கே சட்ட வலு இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 10, இறக்குமதிக்கு உரிமம் கேட்கிறது. லீ-என்ஃபீல்டின் தோட்டா அளவான .303 இந்தியாவில் தடை செய்யப்பட்ட அளவு. பெட்டியில் வைத்து விமான நிலையம் வரை போகாதீர்கள்.

சிட்னிக்கு: உங்கள் மாநிலத்தில் செயலிழந்ததும் துப்பாக்கியாகவே நடத்தப்படும். காவல் துறையின் இறக்குமதி அங்கீகாரம் கையில் கிடைத்த பிறகே பொருளை அனுப்பச் சொல்லுங்கள்.

வெம்பிளி வாசகர்: தாத்தா 1943இல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து பர்மா போனவர். அவர் ஏந்தியது போன்ற ரைஃபிள் ஒன்று வேண்டும். இந்தியாவிலிருந்து வரவழைக்க முடியுமா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் மகிழ்ந்தேன். இந்தியாவிலிருந்து வரவழைக்க அலைய வேண்டாம். நீங்கள் தேடுவது பெரும்பாலும் பிரிட்டனிலேயே இருக்கிறது. வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் செய்த லீ-என்ஃபீல்டுகள் இங்கே சேகரிப்புச் சந்தையில் அவ்வப்போது வருகின்றன. இன்றைய தரத்தில் ஏற்கெனவே முத்திரை பெற்ற ஒன்றை உள்நாட்டு வணிகரிடம் வாங்கினால், எல்லைத் தொல்லை எதுவும் இல்லை. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். கைமாற்ற அறிவிப்பும் போக வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரும்போது உறையிலிட்டு மூடி எடுத்து வாருங்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்வது குற்றம்.

விசைக்குச் சற்று மேலே, மரக்கட்டை வந்து பொருந்தும் வளையத்தின் வலப்பக்கத்தைப் பாருங்கள். கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற மூன்றெழுத்து, இஷாப்பூர் என்ற பெயர், ஆண்டு ஆகியவை இருக்கும். கிரீடம் இல்லாமல் ஆர்.எஃப்.ஐ. என்று இருந்தால் அது விடுதலைக்குப் பிந்தியது; உங்கள் தாத்தா கையில் இருந்திருக்க முடியாது. 1943 அல்லது அதற்கு முந்திய ஆண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கிடைத்ததும் அந்த வளையத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.