புள்ளி பூவாகாத டைரி

கீழக்கரையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "அப்பா வைத்திருந்த மை பேனா என்னிடம் இருக்கிறது. டிராப்பரில் மை ஊற்றுகிற பழைய எபோனைட் பேனா. தினமும் அதில் டைரி எழுத ஆசை. ஜனவரியில் கைக்கு வரும் எந்த டைரியிலும் மை ஊறி, பின்பக்கம் வீணாகிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் இன்னும் மோசம். 100 ஜிஎஸ்எம் என்று சொல்லி விற்ற நோட்டு ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன், அதே கதைதான். எந்த டைரி வாங்கலாம்?"

டீச்சர், பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனமான தாளைத் தேடாதீர்கள், கஞ்சி நன்றாக ஏறிய தாளைத் தேடுங்கள். அப்படியொரு டைரி கடையில் அமையவில்லை என்றால், நல்ல தாளாக ஒரு ரீம் வாங்கித் தையல் பைண்டிங் போட்டுக்கொள்ளுங்கள். இருபது வருடமாக நோட்டும் கணக்குப் புத்தகமும் தைக்கிறவன் என்பதால் இரண்டாவது வழியில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கு. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மை பேனாக்காரர்கள் கொண்டாடும் ஜப்பானின் டொமோயி ரிவர் தாள் 52 ஜிஎஸ்எம்தான், வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். மை அதில் கோட்டைத் தாண்டாது. நீங்கள் வாங்கிய 100 ஜிஎஸ்எம் நோட்டு தாண்டவிட்டது. காரணம் தாளுக்குப் போடுகிற கஞ்சி.

தாள் மரக்கூழில் செய்ததோ கரும்புச் சக்கையில் செய்ததோ, கடைசியில் அது பின்னிக் கிடக்கும் நார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த நாரின் இடுக்குகளில் மை ஓடும். அதைத் தடுக்க ஆலையில் கூழோடு ரோசின் மாதிரி நீரைத் தள்ளும் பொருளைச் சேர்ப்பார்கள். அப்புறம் மேலே ஸ்டார்ச் பூசுவார்கள். வேட்டிக்குக் கஞ்சி போடுகிற கதைதான், தொழிலில் இதற்கு சைஸிங் என்று பெயர். பள்ளியில் மை கொட்டினால் சாக்பீஸை வைத்து உறிஞ்சுவோமே, ஒற்றுத்தாளும் அதே வேலையைச் செய்கிறது. ஒற்றுத்தாள் என்பது கஞ்சியே போடாத தாள். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை என்பதால் அதற்குக் கஞ்சி குறைவாக இருந்தாலும் போதும். இனாம் டைரி அடிக்கிறவர்கள் பால்பாயிண்டை நினைத்துத்தான் மேப்லித்தோ என்கிற சாதாரண அச்சுத் தாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இன்று எத்தனை பேர் மை ஊற்றி எழுதுகிறோம்?

இன்னொன்று. ஒரே கம்பெனி டைரி போன வருடம் நன்றாக இருந்தது என்பதற்காக இந்த வருடமும் நன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. தாள் வரும் ஆலை மாறியிருக்கும். எனக்கே ஒருமுறை மாதிரிக்குக் காட்டிய தாள் ஒன்று, வண்டியில் வந்து இறங்கிய ரீம் வேறொன்று. முழுக்கப் பிரித்துக் கத்தரித்த பிறகுதான் கவனித்தேன். அதனால் பெயரைக் கேட்டு வாங்காமல், எழுதிப் பார்த்து வாங்க வேண்டும்.

எழுதிப் பார்ப்பதில் தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது: புள்ளி. கோடு இழுக்கும்போது நிப் ஓடிக்கொண்டே இருக்கும், புள்ளி வைக்கும்போது ஒரு கணம் நிற்கும். நிற்கிற இடத்தில்தான் மை அதிகம் இறங்கும். உங்கள் பேனாவையே கடைக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் கேட்டுக் கடைசிப் பக்கத்தில் 'உப்புக்காற்று' என்று ஐந்து முறை எழுதுங்கள். ஒரு சொல்லில் மூன்று புள்ளி. அவை புள்ளியாகவே நின்றால் தாள் தேறிவிட்டது. ஓரத்தில் மயிர்க்கால் போல பிசிறு கிளம்பிப் பூவாக விரிந்தால் வேண்டாம். பக்கத்திலேயே ஒரு மூன்று சுழி 'ண' எழுதுங்கள். அது இரண்டு சுழியாகத் தெரிந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

ஒரு நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். எழுத்து நிழலாகத் தெரிவது வேறு, மை பொத்துக்கொண்டு வருவது வேறு. மெல்லிய தாளில் நிழல் தெரியத்தான் செய்யும், அது குறையில்லை, கீழே ஓர் அட்டையைச் செருகிக்கொண்டால் கண்ணுக்கு உறுத்தாது. பின்பக்கத்தில் கரும்புள்ளிகள் விழுந்திருந்தால்தான் ஊறல். பேனாவைக் கடைக்குக் கொண்டுபோக மனமில்லை என்றால், விரல் நுனியால் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்று மெல்ல ஊறினால் கஞ்சி இருக்கிறது. வைத்த மாத்திரத்தில் கறுத்துப் பரவினால் இல்லை. ஆலைகளில் காப் சோதனை என்று இதையே அளவெடுத்துச் செய்கிறார்கள், ஒரு சதுர மீட்டர் தாள் 60 நொடியில் எத்தனை கிராம் நீர் குடிக்கிறது என்று.

இனி ஐப்பசி விஷயம். இது நம் கரைக்கே உரிய தலைவலி, மதுரைக்காரர் சொல்லும் யோசனை இங்கே பாதிதான் பலிக்கும். தாள் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கையில் தாளின் எடையில் ஆறேழு சதவீதம் நீராக இருக்கும், காற்றில் 80ஐத் தாண்டினால் அது பத்தை ஒட்டிப் போகும். ஏற்கெனவே நனைந்த நாரில் மை தடையில்லாமல் ஓடும், காயவும் நேரமாகும். போதாததற்கு உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும், அடுப்படியில் உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைப்பது இதற்காகத்தானே? கடலைப் பார்த்த ஜன்னலோரம் டைரியைத் திறந்தே வைத்தால், காற்றில் வரும் உப்பு தாளிலும் படிந்து அதே வேலையைச் செய்யும்.

ஆனால் அதே உப்பைச் சோதனைக்கும் பயன்படுத்தலாம். வாலிநோக்கத்து உப்போ எதுவோ, ஒரு சின்னக் கிண்ணத்தில் கல்லுப்பைப் போட்டு, அது கரைந்து போகாமல் ஈர மணலாக நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். கிண்ணத்தையும் தாளின் ஒரு துண்டையும், ஒன்றோடொன்று படாமல், இறுக்கமாக மூடும் டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். உள்ளே காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் போய் நிற்கும். ஈரப்பதம் அளக்கும் கருவியைச் சரிபார்க்க இந்தத் தந்திரம்தான் உலகமெங்கும். காலையில் தாளை எடுத்த கையோடு 'உப்புக்காற்று' எழுதுங்கள். சித்திரை வெயிலிலேயே கார்த்திகைச் சோதனை முடிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தை டைரியைப் பார்த்து நீங்களே சொல்லிவிடலாம். பக்கத்தின் மேல்பாதியில் எழுத்து சுத்தமாக இருந்து, கீழே வர வர ஊறுகிறதா? அப்படியானால் தாளைத் திட்டாதீர்கள், உள்ளங்கைதான் காரணம். எழுத எழுத வியர்வையும் எண்ணெயும் கீழ்ப்பகுதியில் இறங்குகின்றன. தலைக்கு எண்ணெய் தேய்த்த கை என்றால் மை சில இடத்தில் பிடிக்காமல் விட்டு விட்டும் ஓடும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

தாளை மாற்றுவதற்கு முன் பேனாவையும் கொஞ்சம் பார்ப்போம். டிராப்பர் பேனாவில் மை குறைந்தால் உள்ளே காற்று அதிகம். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், பேனா கக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதற்குள் நிரப்பிவிடுங்கள். அப்பா பல வருடம் எழுதிய நிப் அவர் கைச்சாய்வுக்குத் தேய்ந்து அகலமாகியிருக்கும். அதைத் தேய்க்கவோ நெம்பவோ வேண்டாம், அது அவர் கையெழுத்தின் மிச்சம். கடையில் ஒரு ஃபைன் நிப் கிடைத்தால் மாற்றிப் போட்டுக்கொண்டு, பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

மையிலும் வழி உண்டு. நம் ஊரில் ஒரு காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்து தாளிலேயே கறுக்கும் மை அது. அதே வகை மை பேனாவுக்கு ஏற்ற பதத்தில் இன்றும் வருகிறது, பெலிகன் 4001 புளூ-பிளாக், பிளாட்டினம் புளூ-பிளாக் இரண்டும் அந்த ஜாதி. சுமாரான தாளிலும் அதிகம் படராது, தண்ணீர் பட்டாலும் எழுத்து முழுசாகப் போகாது. அமிலம் கொஞ்சம் இருப்பதால் வாரக்கணக்கில் பேனாவில் கிடக்க விடாமல் அவ்வப்போது கழுவ வேண்டும். வீட்டில் கடுக்காய் காய்ச்சி ஊற்றிவிடாதீர்கள், பேனா அடைத்துக்கொள்ளும்.

இணையத்தில் தேடினால் ஹோபோனிச்சியை வாங்கச் சொல்வார்கள். டொமோயி ரிவர் தாளில் வரும் ஜப்பானிய நாட்குறிப்பு. இறக்குமதிச் செலவோடு சில ஆயிரம் ரூபாய் ஆகும். எழுத்து அழகாக இருக்கும், மையின் சாயல் எல்லாம் தெரியும். உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்தத் தாள் மையைக் குடிக்காமல் மேலேயே நிறுத்தி வைப்பதால் காய்வது தாமதம், நம் ஊர் ஈரத்தில் இன்னும் தாமதம். பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் நாலு வரி எழுதி மூடுகிறவருக்கு எதிர்ப்பக்கமெல்லாம் மை ஒட்டும். பிரான்சின் ரோடியா 80 ஜிஎஸ்எம், கிளேர்ஃபோன்டேன் 90 ஜிஎஸ்எம். இவையும் வழவழப்புத்தான், ஆனால் தாள் கெட்டி. ஒற்றுத்தாள் வைத்து எழுதும் பொறுமை இருந்தால் வாங்கலாம்.

என் யோசனையைச் சொல்கிறேன். ஏ4 தாளை மடித்தால் நான்கு பக்கம். நான்கு தாளைச் சேர்த்து மடித்தால் 16 பக்கம், ஒரு பாரம். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 23 பாரம், அதாவது 92 தாள், 368 பக்கம். வருடம் போக மூன்று பக்கம் மிச்சம், பரீட்சைத் தேதியும் போன் நம்பரும் எழுதிக்கொள்ளலாம். 500 தாள் கொண்ட ஒரு ரீமில் ஐந்து வருட டைரி. தேதி அச்சடிக்கிற வம்பு வேண்டாம், தேதி திருப்புகிற ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தாளுக்கு நல்ல பாண்டு பேப்பர் பாருங்கள். இல்லை என்றால் கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் டிஎன்பிஎல் (தமிழ்நாடு காகித ஆலை) தாளைப் பாருங்கள். சக்கை நார் குட்டை என்பதால் தாள் நெருக்கமாகப் படியும். எதுவானாலும் புள்ளிச் சோதனையில் தேற வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பைண்டிங் செய்கிறவர்களே சில சமயம் கோட்டை விடுவார்கள். தாளில் நார் ஒரு திசையில் ஓடும். ஈரம் வாங்கினால் தாள் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே விரியும். கடையில் வெட்டிக் கட்டி வரும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகிறது. அதைப் பாதியாக மடித்தால் மடிப்புக்குக் குறுக்கே நார் போகும், மழைக்காலத்தில் முதுகோரம் பக்கங்கள் அலை அலையாக நெளியும். ஒரு தாளை இரண்டு திசையிலும் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிபடுவது நார் ஓடும் திசை. அது டைரியின் முதுகோடு சேர்ந்து மேலிருந்து கீழாகப் போக வேண்டும். அதற்கு மதுரையிலோ சிவகாசியிலோ பெரிய ஷீட்டாக விற்கும் தாள் கடையில் சொல்லி வெட்டி வாங்குவது நல்லது.

நூலால் தைக்கச் சொல்லுங்கள், ஸ்டேப்ளர் பின் அடித்ததும் கம்பிச் சுருளும் வேண்டாம். மண்டபம் பக்கத்து மீன் கம்பெனி ஒன்றின் கணக்கு நோட்டு மறுபைண்டிங்குக்கு வந்தது. பிரித்தால் பின் இருந்த இடத்தில் இரண்டு பழுப்புத் துளைதான் மிச்சம், பின் பொடியாகி மடியில் உதிர்ந்தது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிப்பதற்காகவே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், இரண்டு ரூபாய்ப் பின் எம்மாத்திரம்.

எழுதி முடித்ததும் டைரியை இறுக்கமாக மூடும் டின்னிலோ டப்பாவிலோ வையுங்கள். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு கூடக் கிடக்கட்டும். இந்த வருட டைரியைத் தூக்கிப் போட வேண்டாம், செலவுக் கணக்கை பால்பாயிண்டில் எழுத அது போதும். அடுத்த வருடத்துக்குத் தைக்கிறதாக இருந்தால் புரட்டாசிக்குள் தாளை பைண்டரிடம் கொடுத்துவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் பசை காயாது, ஒட்டிய அட்டை வளைந்துவிடும்.