நாய் கண்காட்சிக்கு முதல் தடவை போகிறீர்களா?

கேள்வி: மே மாதம் ஊட்டியில் நடக்கும் நாய் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டில் நாய் கிடையாது, ஆனால் மகளுக்கு நாய் என்றால் உயிர். அங்கே எதைப் பார்க்க வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. (ஈரோடு வாசகி)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஊட்டி கண்காட்சியை சவுத் ஆஃப் இந்தியா கென்னல் கிளப் (நாய் வளர்ப்போர் சங்கம்) நடத்துகிறது, அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நடப்பது வழக்கம். கோடை சீசன் என்பதால் கூட்டம் இருக்கும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். பலர் சாயங்காலம் 'பெஸ்ட் இன் ஷோ', அதாவது கண்காட்சியிலேயே சிறந்த நாய், எது என்று அறிவிக்கும்போது வந்து கைதட்டிவிட்டுப் போகிறார்கள், ஆனால் உண்மையான பார்வை விருந்து காலையில்தான், ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியாக ரிங்கில் (கயிறு கட்டிய போட்டிக் களத்தில்) இறக்கி நடுவர் பார்க்கும்போது.

இந்த நடைமுறை புரிந்துவிட்டால் நாள் முழுக்க அலுப்பே வராது. முதலில் ஒரே இனத்து நாய்கள் வயதுவாரியாகப் போட்டியிடும், அதில் வென்றது இனத்தில் சிறந்தது. அதன்பின் பல இனங்களை ஒரு குரூப்பாகச் சேர்த்து நடத்தும் சுற்று. ஜெர்மன் ஷெப்பர்டு முதல் குரூப், டாபர்மேன், ராட்வைலர், பாக்ஸர் எல்லாம் இரண்டாவது, லாப்ரடார் எட்டாவது, பக் மாதிரியான குட்டை நாய்கள் ஒன்பதாவது என்று பிரித்திருப்பார்கள். குரூப்பில் வென்றவை கடைசியில் 'பெஸ்ட் இன் ஷோ' பட்டத்துக்கு மோதும். குட்டி பக்கையும் ராட்சத கிரேட் டேனையும் ஒன்றாக நிறுத்தி எப்படித் தீர்ப்பு சொல்வார்கள் என்று உங்கள் மகள் நிச்சயம் கேட்பாள். நடுவர் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடவில்லை, ஒவ்வொரு நாயும் அதனதன் இனத்துக்கு எழுதி வைத்திருக்கும் இலக்கணத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்றுதான் பார்க்கிறார். தமிழ்ப் பரீட்சையில் ஒருவனும் கணக்குப் பரீட்சையில் இன்னொருவனும் வாங்கிய மார்க்கை வைத்து யார் கெட்டிக்காரன் என்று சொல்வது போலத்தான்.

லாப்ரடாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் நாயின் உயரம் 56 முதல் 57 செ.மீ., பெண் 54 முதல் 56 என்பது சர்வதேச இலக்கணம். அதனால் ரிங்கில் இருப்பதிலேயே பெரிய, கொழுகொழு நாய் தோற்றுப்போனால் அநியாயம் என்று நினைக்காதீர்கள். நடுவர் கிட்டே போய் உதட்டை விலக்கிப் பல்வரிசை பார்ப்பார், தோள், முதுகு, பின்தொடை என்று கையால் தடவிப் பார்ப்பார், ஆண் நாய்க்கு விரைகள் இரண்டும் இறங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார் (குழந்தை கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்). அப்புறம் ஓடவிடுவார். அந்த ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள்! நேராகப் போய் வரும்போது கால்கள் பின்னாமல் வருகிறதா, பக்கவாட்டில் முதுகு குலுங்காமல் இருக்கிறதா என்று பார்க்கப் பழகிவிட்டால், நடுவருக்கு முன்னாடியே உங்களுக்கு ஒரு யூகம் வந்துவிடும்.

ஒரே ஒரு இனத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ரிங் பக்கத்திலேயே ஆரம்பத்திலிருந்து முடியும் வரை உட்காருங்கள். ஒவ்வொரு ரிங்காக ஓடினால் எதுவும் மனதில் நிற்காது.

ஒழுக்கம் என்றால் இரண்டு மூன்று விஷயம்தான். கேட்காமல் எந்த நாயையும் தொடக்கூடாது, ரிங்குக்குள் போகக் காத்திருக்கும் நாயைக் கேட்டும் தொட வேண்டாம், ஏனென்றால் பல மணி நேரம் சீவித் தயார் செய்திருப்பார்கள். ரிங் கயிற்றின் ஓரத்தில் பஜ்ஜி, பிஸ்கட் வேண்டாம். விசிலடித்து நாயின் கவனத்தைத் திருப்ப வேண்டாம். தன் சுற்று முடிந்த பிறகு ஹாண்ட்லர்கள் (நாயை ரிங்கில் நடத்திக் காட்டுபவர்கள்) ஆசையாகப் பேசுவார்கள், மகளின் கேள்விகளை அப்போது கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்த மாதிரி ஷோவில் நம்ம ஊர் நாய்கள் இருக்குமா, இல்லை வெளிநாட்டு நாய்கள் மட்டும்தானா? (மதுரை வாசகர்)

பதில்: இருக்கும், தேடிப் போய்ப் பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் ரிங்கில் இறங்குகின்றன. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக ராஜபாளையம் நிற்கும் நிலையே தனி, 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் தபால்தலைகளில் அதுவும் ஒன்று. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிய வேட்டை நாய்கள், உடம்பு ஒட்டி விலா எலும்பு தெரியும். பட்டினி போட்டிருக்கிறார்கள் என்று பரிதாபப்படாதீர்கள், அவற்றின் உடல்வாகே அதுதான்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வெளிநாட்டு நாய்கள் ஓடும் ரிங்கைச் சுற்றி நான்கு வரிசைக் கூட்டம் நிற்கும், நம்ம நாய்கள் வரும்போது பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவற்றை வளர்ப்பவர்களுக்குப் பார்வையாளர்தான் தெம்பு. ராஜபாளையத்தில் காது கேளாமல் பிறக்கும் குட்டிகள் ஒரு நிஜமான பிரச்சினை, அதைத் தவிர்க்க எந்த ஜோடியைச் சேர்க்கலாம் என்று யோசித்து இனவிருத்தி செய்கிறவர் யாராவது அங்கே கிடைத்தால் பத்து நிமிடம் பேசுங்கள், நிறையத் தெரிந்துகொள்வீர்கள்.

கேள்வி: அங்கேயே குட்டி வாங்கலாமா? எங்கள் வீட்டுக் குட்டியையும் கூட்டிப் போகலாமா? (சென்னை வாசகி)

பதில்: அன்றைக்கே வாங்க வேண்டாம். பிடித்த நாயின் உரிமையாளரிடம் நம்பர் வாங்கிக்கொண்டு, இன்னொரு நாள் அவர் வீட்டுக்குப் போய்த் தாய் நாயைப் பாருங்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவுச் சான்று, மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இரண்டையும் கேளுங்கள், லாப்ரடார் என்றால் தாய் தந்தைக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இல்லை என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனவிருத்தி, விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளே சொல்கின்றன.

உங்கள் குட்டியைக் கூட்டிப் போகவே வேண்டாம், போட்டிக்குப் பதிவு செய்த நாய்களுக்குத்தான் அங்கே இடம். இன்னொரு முக்கியமான விஷயம், குட்டிகளுக்கு உயிர்போகும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். குட்டிக்குத் தடுப்பூசி வரிசை முடியவில்லை என்றால், திரும்பி வந்ததும் செருப்பை வாசலிலேயே ப்ளீச் கலந்த தண்ணீரில் கழுவி, கைகால் கழுவி, துணி மாற்றிய பிறகே அதைத் தூக்குங்கள்.